நாற்பது ஸ்டாப்பிங்

அவர் ஓட்டிய பஸ் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. காலையில் கெடாரில் கிளம்பி விழுப்புரம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாகத் திண்டிவனம் வரும் வண்டி அது. நான் கூட்டேரிப்பட்டில் ஏறுவேன். எட்டே முக்காலுக்கு வரவேண்டியது ஒன்பதேகாலுக்கு வரும். சில நாள் ஒன்பதரையும் ஆகிவிடும். காத்திருக்கிற ஜனங்கள் நேரம் போகப்போக அவரைத் திட்ட ஆரம்பிப்பார்கள். வண்டி வந்து நின்றதும் பேசாமல் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். அவர் திரும்பி, எல்லாரும் உட்கார்ந்தாயிற்றா என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். அப்படிப் பார்க்கிற மனுஷனைத் திட்ட யாருக்கும் வாய் வராது.

தாமதத்துக்குக் காரணம் ஒன்றுதான். கண்ணால் பார்க்காத எதன்மேலும் அவர் வண்டியை ஏற்றமாட்டார். மழைக்காலத்தில் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால், மற்ற டிரைவர்கள் ஒரு அழுத்து அழுத்திக் கடந்துவிடுவார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நடந்துபோய்த் திரும்பி வருவார். அறுப்புக் காலத்தில் கேப்பைக் கதிரையும் கொள்ளுச்செடியையும் ரோட்டில் பரப்பி வைப்பார்கள், வண்டிச் சக்கரம் ஏறி மிதித்துக் கொடுக்கட்டும் என்று. அதன்மேல் வண்டியை விடத்தான் எல்லாரும் விரும்புவார்கள். இவர் நிறுத்திவிடுவார்.

"ஏத்துண்ணே, உள்ள ஒண்ணும் இருக்காது" என்பான் கண்டக்டர்.

"இருக்காதுன்னு உனுக்கு யாரு சொன்னா?"

இறங்கிப்போய், குனிந்து, குவியல் உயரமாக இருக்கிற இடங்களில் கையை விட்டுத் துழாவுவார். வெயிலுக்குக் குழந்தையைத் துணியால் மூடிப் படுக்க வைத்துவிட்டுப் போகிற தாய்மார் உண்டு என்பார். திரும்பி வந்து சீட்டில் ஏறி, "இல்ல, போலாம்" என்பார். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருக்கும். நான் அந்த வண்டியில் போன காலத்தில் எந்தக் குவியலிலும் எதுவும் இருந்ததில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

மழை வருமா அண்ணே என்று யாராவது பேச்சுக்குக் கேட்டால்கூட, இருந்த இடத்திலிருந்து பதில் சொல்லமாட்டார். வெளியே வந்து வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

அறுபதுகளின் நடுவில் நடந்தவை இதெல்லாம். அந்த பஸ் கம்பெனியின் திண்டிவனம் ஆபீஸில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். எங்கள் அப்பா அம்மா இரண்டு பேரும் பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, டைப்பிங் லோயர் பாஸ் பண்ணி, எங்கள் தெருவிலிருந்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் பெண் நான். வேலைக்குச் சேர்ந்த வருஷம் எனக்கு இருபது வயது. தம்பிகள் இரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனிக்கு ஆறு வண்டிகள். பெரிய முதலாளிக்கு உடம்பு முடியாமல் போனபிறகு, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த அவர் மகன் பொறுப்பேற்றார். சின்ன முதலாளி என்று கூப்பிடுவோம். அவர் வந்த கொஞ்ச நாளில் எங்கள் வண்டி ஒன்று ஏரிக்கரை வளைவில் கவிழ்ந்து ஒரு பெண் இறந்துபோனாள். டிரைவர் புதிதாகச் சேர்ந்தவன். சின்ன முதலாளி அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். இனி இப்படி நடக்கக்கூடாது என்று உண்மையாகவே நினைத்தார். அப்படித்தான் அந்தப் பெட்டி வந்தது.

பெரிய ரேடியோ அளவுக்கு ஒரு மரப்பெட்டி. முன்னால் பால் நிறத்தில் ஒரு கண்ணாடித் திரை. பின்னால் ஒரு தட்டில் நாற்பது ஸ்லைடுகள். சுவிட்சைப் போட்டால் ஒவ்வொரு ஸ்லைடாகத் திரையில் விழும். எல்லாம் ரோட்டுப் படங்கள். கீழே மூன்று பட்டன்கள்: பிரேக், ஹாரன், போ. படம் விழுந்து ஏழு எண்ணுவதற்குள் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். சரியாக அமுக்கினால் பச்சை பல்பு எரியும். தப்பானாலும், அமுக்காமல் இருந்தாலும் சிவப்பு. பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் மார்க்கைக் கூட்டிக்கொண்டே வரும். சின்ன முதலாளி தான் படித்த ஊரிலிருந்தே அதை வரவழைத்திருந்தார்.

"சொல்லிக்குடுக்கிற ஆளுக்கு ஒருநாள் கோபம் வரும், ஒருநாள் தூக்கம் வரும். வேண்டியவன் வேண்டாதவன்னு பார்ப்பான். இது எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லிக்குடுக்கும், ஒரே மாதிரி மார்க் போடும்" என்று டிரைவர்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். தினமும் அரைமணி பழக வேண்டும். ஒரு மாதத்துக்குள் முப்பது மார்க் எடுக்காதவர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

பெட்டியோடு வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்ததால் அதை நடத்துகிற வேலை எனக்கு வந்தது. டிக்கெட் கட்டுகள் வைக்கிற அறையை ஒழித்து, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுக் கொடுத்தார்கள். டிரைவர்கள் ஒரு பெண்ணுக்கு முன்னால், அதுவும் எங்கள் தெருப் பெண்ணுக்கு முன்னால், மாணவர்கள் மாதிரி உட்காரக் கூசினார்கள். சிலர் நாற்காலியைத் தள்ளிப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். கெடார் வண்டி ஓட்டிய அவர்தான் முதல் நாளே உள்ளே வந்து, "வணக்கம் டீச்சர்" என்றார். கிண்டலாக இருக்குமோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. ஒரே ஒரு தடவை தவிர, கடைசிவரை என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். அவருக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும்.

முதல் ஸ்லைடு விழுந்தது. இறக்கமான ஒரு ரோடு. ஓரத்தில் ஒரு லாரி நிற்கிறது. லாரிக்கு அடியில், அந்தப் பக்கத்தில், இரண்டு கால்கள் தெரிகின்றன. அவர் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனார். சிவப்பு பல்பு எரிந்தது.

"அண்ணே, ஏழு எண்றதுக்குள்ள அமுக்கணும். இதுக்கு ஹாரன்."

"நிக்கிற காலா, நடக்கிற காலான்னு தெரியலியே டீச்சர். நிக்கிறவன்னா ஹாரன் அடிக்கலாம். நடக்கிறவன்னா பிரேக்கு."

"படத்துல எப்படி அண்ணே நடப்பான்?"

"அதான் பேஜாரு" என்றார். பிறகு பெட்டியைச் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எறங்கிப் பாக்கறதுக்கு ஒரு பட்டன் இல்லியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று அவருக்குப் பதினொரு மார்க்.

மறுநாள் ஒன்பது. அதற்கடுத்த நாள் பதினான்கு. இடையில் ஒருநாள், "இந்த ஊர்ல எல்லாருமே எடக்கையா டீச்சர்?" என்று கேட்டார். போலீஸ்காரர் இடது கையைக் காட்டுகிறார், ஒரு கிழவர் இடது கையால் எழுதுகிறார், பொம்பளை இடது கையால் குழந்தைக்கு ஊட்டுகிறாள். நான் அதுவரை கவனித்ததே இல்லை. சின்ன முதலாளியிடம் கேட்டேன். அந்த நாட்டில் வண்டிகள் வலது பக்கம் போகும், நம் ரோடு மாதிரி தெரிய ஸ்லைடுகளைப் புறம் மாற்றிப் போட்டிருக்கிறேன் என்றார். அதனால்தான் கடைப் பலகைகளில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறி இருந்ததும். படித்த எனக்கு அது கண்ணில் படவில்லை. இங்கிலீஷ் எழுத்து தெரியாத அவருக்குக் கைகள் தெரிந்திருந்தன.

"அதானே" என்றார், விஷயத்தைச் சொன்னதும். நிம்மதியாக மூச்சு விட்டார். அதற்குள் மூன்று சிவப்பு எரிந்து முடிந்திருந்தது.

இறங்கிப் பார்க்கும் பட்டன் பற்றியும் சின்ன முதலாளியிடம் ஒருநாள் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. "வேகமா போகும்போது எங்கேம்மா இறங்கிப் பார்க்கிறது? யோசிக்க நேரம் இல்லாத இடத்துல என்ன செய்யணும்னு பழக்கறதுக்குத்தானே இது" என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது.

மூன்று வாரத்தில் மற்ற டிரைவர்கள் எல்லாரும் முப்பதைத் தாண்டிவிட்டார்கள். போன மாதம் சேர்ந்த ஒரு பையன் முப்பத்தைந்து. இவர் மட்டும் பதினைந்தைத் தாண்டவில்லை. அந்த வாரம், எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை வேகவைத்து ஒரு துணியில் முடிந்து எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார், அவர் வீட்டம்மா கொடுத்தனுப்பியதாக. அவர்களுக்கு நான் ஏதோ பெரிய உதவி செய்துகொண்டிருப்பதாக நினைப்பு. "இத உட்டா எனுக்கு வேற ஒண்ணும் தெரியாது டீச்சர். இருவது வருசமா ஸ்டியரிங்தான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நானாகத்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

"அண்ணே, கெடார்லேர்ந்து திண்டிவனம் வரைக்கும் எத்தினி ஸ்டாப்பிங்?"

"நாப்பது."

"ஸ்லைடும் நாப்பது. வரிசை மாறவே மாறாது. முதல் ஸ்லைடுக்கு ஹாரன், அப்ப கெடார்னா ஹாரன். ரெண்டாவது ஸ்டாப்பிங் பிரேக். மூணாவதும் பிரேக். இப்படியே நாப்பதையும் மனப்பாடம் பண்ணிடுங்க. ஒவ்வொரு ஸ்டாப்பிங்கா மனசுல சொல்லிக்கினே அமுக்குங்க."



"படத்தப் பாக்க வேணாமா?"

"வேணாம்ணே."

"அப்ப இது என்னா பரீட்சை?"

"பாஸாவுற பரீட்சை" என்றேன். அந்தப் பதிலில் எனக்கு அப்போது பெருமைகூட இருந்தது.

நான்கே நாளில் அவருக்கு எல்லாம் பாடமாகிவிட்டது. ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு அமுக்கினார். விழுப்புரம் பிரேக், முண்டியம்பாக்கம் போ, விக்கிரவாண்டி பிரேக், கூட்டேரிப்பட்டு ஹாரன். பரீட்சை நாளன்று சின்ன முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். பெட்டிக்கு முன்னால் அண்ணன் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். உதடுகள் மட்டும் லேசாக அசைந்தன. பச்சை, பச்சை, பச்சை. நடுவில் ஒரே ஒரு தடவை பழக்கத்தில் நிமிர்ந்து திரையைப் பார்த்துவிட்டார். அது ஒன்றுதான் சிவப்பு. முப்பத்தொன்பது மார்க்.

சின்ன முதலாளி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பதினொண்ணுல ஆரம்பிச்சவர். இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்று எல்லாரிடமும் சொன்னார். மார்க்கை என்னை டைப் அடிக்கச் சொல்லி, கம்பெனி முத்திரை போட்டு, ஆபீஸ் சுவரில் ஒட்ட வைத்தார். மார்க் வாங்கியவர் அந்தக் காகிதத்தை ஏறிட்டுப் பார்க்காமல் போனார்.

அதற்குப் பிறகு அந்த பஸ் எட்டே முக்காலுக்குக் கூட்டேரிப்பட்டு வந்தது. ஜனங்களுக்கு ஆச்சரியம். நான் வீட்டில் ஓட வேண்டியிருந்தது. ஒருநாள் சடையைப் பின்னிக்கொண்டே ஓடிவந்து ஏறினேன்.

தை மாதம் அது. கூட்டேரிப்பட்டு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோட்டில் கேப்பைத் தாளைக் குவித்துப் போட்டிருந்தார்கள். அவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில் இருந்தேன். நிறுத்துவார் என்று முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டரும் கதவுக் கம்பியைப் பிடித்தான். வண்டி நிற்கவில்லை. வேகம்கூடக் குறையவில்லை. சக்கரத்துக்கு அடியில் தாள் சரசரவென்று நொறுங்குகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், தாண்டிவிட்டோம். கண்டக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

திண்டிவனத்தில் எல்லாரும் இறங்கிய பிறகும் அவர் சீட்டை விட்டு எழவில்லை. நான் பக்கத்தில் போனதும் கேட்டார்:

"டீச்சர், வழியில எங்கனா தாளு போட்டிருந்தாங்களா?"

"ஆமாண்ணே. கேப்பைத் தாளு."

"ஏத்திட்டனா?"

"ஏத்திட்டீங்க."

"நான் பாக்கலியே" என்றார்.

உள்ளே எதுவும் இருந்திருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

"ஊரு வருதுன்னு தெரிஞ்சதும் மனசு சொல்ல ஆரம்பிச்சிடுது. விக்கிரவாண்டின்னா காலு தானா பிரேக்குக்குப் போவுது. கூட்டேரிப்பட்டுன்னா கை ஹாரனுக்குப் போவுது. எதிர்ல என்னா கீதுன்னு கண்ணு பாக்க மாட்டேங்குது. மறந்துடலாம்னு பாக்கறேன். நாப்பதும் ரோட்டு மேலயே கீதே டீச்சர், எங்க மறக்கறது?"

நான் எதையும் நினைக்காமல் கொடுத்த யுக்தி. தினமும் போகிற ரோட்டையே மனப்பாடத்துக்குக் கொடுத்திருக்கிறேன். வேறு எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சாமி பேர், சொந்தக்காரர் பேர்.

மத்தியானம் அவர் சின்ன முதலாளியின் அறைக்குப் போனார். நானும் ஃபைலோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னைக் கொஞ்ச நாளு வண்டியில ஏத்தாதீங்க. ஷெட்டுல போடுங்க" என்றார்.

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் கீதுங்க. ரோட்டப் பாக்காம ஓட்டறேன். கை அதுவா போவுது. பரீட்சையிலயும் நான் படத்தப் பாக்கலீங்க. பாக்காமதான் அமுக்கினேன்."

 அடுத்த கேள்வி யார் சொல்லிக் கொடுத்தது என்றுதான் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சின்ன முதலாளி சந்தோஷமாகச் சிரித்தார்.

"பார்க்காமலே கை சரியான இடத்துக்குப் போகுதுன்னா அதுக்குப் பேர்தான் பயிற்சி. முன்னே நீங்க யோசிச்சு யோசிச்சு ஓட்டினீங்க. இப்ப பழக்கத்துல ஓட்டுறீங்க. வண்டி நேரத்துக்கு வருது, யாரும் குறை சொல்லலை. முப்பத்தொன்பது மார்க் வாங்கினவர் நீங்க. உங்களுக்கே உங்கமேல நம்பிக்கை இல்லைன்னா எப்படி?"

"மார்க்கு பொய்யுங்க."

"மெஷின் பொய் சொல்லாது" என்றார் சின்ன முதலாளி, பொறுமையாக.

அண்ணன் ஒருமுறை என்னைப் பார்த்தார். சொல்லேன் என்று கேட்கிற பார்வை இல்லை அது. நான் நிற்கிறேனா என்று பார்த்த மாதிரி இருந்தது. நான் ஃபைலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருந்தால் என் வேலை அன்றோடு போயிருக்கும். தம்பிகள், கூலிக்குப் போகிற அம்மா, தெருவில் என்னைக் காட்டித் தங்கள் பெண்களைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவர்கள், எல்லாம் மனதில் ஓடியது. இதெல்லாம் நான் பிறகு எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்களாகவும் இருக்கலாம். அந்த நிமிஷத்தில் பயம் ஒன்றுதான் இருந்தது.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

இன்னும் நான்கு நாள் ஓட்டினார். ஐந்தாம் நாள் காலை வண்டி வரவில்லை. பத்து மணிவரை நின்று பார்த்துவிட்டு வேறு வண்டியில் ஆபீஸ் போனேன். விக்கிரவாண்டிக்கு இந்தப் பக்கம், வெறும் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, சாவியைக் கண்டக்டர் கையில் கொடுத்து, "ஜனங்கள வேற வண்டியில ஏத்தி அனுப்பிடு" என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடந்து போய்விட்டாராம். எதிரில் ஒன்றுமே இல்லை, நல்ல வெயில், காலி ரோடு என்றான் கண்டக்டர்.

பயணிகளோடு வண்டியை நடுவழியில் விட்டுப் போனதற்காக வேலைநீக்கம் செய்யப்படுகிறார் என்று கம்பெனியிலிருந்து கடிதம் போனது. அதை நான்தான் டைப் அடித்தேன். கார்பன் வைத்து மூன்று பிரதி. ஒரு எழுத்துப்பிழை வந்து, முழுவதையும் திரும்ப அடித்தேன்.

அடுத்த வருஷம் பெட்டியில் பல்புகள் போய்விட்டன. அந்த மாதிரி பல்பு மெட்ராஸில்கூடக் கிடைக்கவில்லை. சின்ன முதலாளிக்கு வேறு தொழிலில் மனது போயிற்று. பெட்டியைப் பரண்மேல் ஏற்றினார்கள். டிக்கெட் கட்டுகள் பழையபடி அந்த அறைக்கு வந்தன. பெரிய முதலாளி ஒருநாள் ஆபீஸுக்கு வந்தபோது, கெடார் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் எங்கே என்று விசாரித்தார். ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். கடிதத்தின் பிரதியைப் படித்துவிட்டு, "நல்ல மனுஷன்னு நெனச்சேன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

கல்யாணமாகி விழுப்புரம் வந்த பிறகு ஒரேயொரு தடவை அவரைப் பார்த்தேன். மார்க்கெட் பக்கம், சைக்கிள் கேரியரில் மல்லாட்டை மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"டீச்சர், நல்லா கீறீங்களா?" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. தம்பிகள் படித்து முடித்தார்களா என்று கேட்டார். வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்டார். கெடாரில் அரை ஏக்கர் சொந்தம், கூட ஒரு ஏக்கர் குத்தகைக்குப் பார்ப்பதாகச் சொன்னார்.

நான் எப்படியோ சொல்லிவிட்டேன்: "அன்னிக்கி நான் சொல்லியிருக்கணும்ணே. முதலாளிகிட்ட."

அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"சொல்லியிருந்தா உன் வேலையும் போயிருக்கும்மா. என் கண்ணு திரும்பி வந்திருக்குமா?"

முதல் தடவையாக என்னை அம்மா என்றார்.

அன்று நான் கெடாருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருக்கு, நாத்தனார் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கெடார் பஸ் வந்து நின்றது. மூட்டையை மேலே போட்டுக்கொண்டு பஸ்ஸில் வரலாமே அண்ணே என்றேன். பத்துப் பன்னிரண்டு மைல் இருக்கிறதே என்றேன். "இல்ல டீச்சர், நீங்க போங்க. எனுக்கு ஜல்தி ஒண்ணும் இல்ல" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

பஸ் கிளம்ப நேரமாயிற்று. ஊர் தாண்டி மூன்று மைல் போனபிறகுதான் அவரைப் பிடித்தோம். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டதுமே அவர் சைக்கிளை விட்டு இறங்கி, ரோட்டை விட்டு மண்ணில் நன்றாகத் தள்ளி நின்றுகொண்டார். டிரைவர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பரீட்சையன்று இருந்த மாதிரியே தலையைக் குனிந்து, பஸ் போய் முடிகிறவரை தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.